கவிழ்த்து வைத்த வாட்ச்

மாமா முதல் பக்கத்தைத் திருப்பிவிட்டார். மதியச் சாப்பாடு முடிந்து, ஒரு சிட்டிகை சோம்பை வாயில் போட்டுக்கொண்டு, ஹால் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து, நான் எழுதிய புத்தகத்தைச் செய்தித்தாள் மாதிரி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருக்கிறார். இடது மணிக்கட்டில் அந்த வாட்ச். நான் சமையலறை வாசலில் நின்று ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அது எப்போதோ உலர்ந்துவிட்டது. அவர் காலடியில், தரையில், அக்கா அம்மாவின் புதுப் புடவையை மடியில் பரப்பி ஃபால் தைக்கிறாள். தலை நிமிரவில்லை. ஆனால் மாமா பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் அவள் ஊசி நிற்கிறது. அவர் கண் அடுத்த பக்கத்தில் ஊன்றியதும் மறுபடி இறங்குகிறது. அப்படியானால் அக்கா படித்துவிட்டாள். காலையில் மாமாவோடு கரூரிலிருந்து வந்து இறங்கியதும் புடவை மாற்ற என் அறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பீரோவில் என் துப்பட்டாக்களுக்கு அடியில்தான் பிரதிகளை ஒளித்து வைத்திருந்தேன். அக்காவுக்குத் தெரியாத பீரோவா அது, அவளுடையதுதானே. அப்பா எப்போது ஒன்றை உருவினாரோ தெரியவில்லை. "மாப்பிள்ளை, வினோவோட புக்கு. இந்தத் தடவை படம் போட்டு வந்திருக்கு, உங்களுக்குப் போரடிக்காது" என்று பெருமையோடு மாமா கையில் கொடுத்துவிட்டு, அதே பெருமையோடு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அவர் குறட்டை இங்கே வரைக்கும் கேட்கிறது. குறட்டை நிற்பதற்குள் மாமா அந்தப் பக்கத்துக்கு வந்துவிடுவார். அந்தப் பக்கத்தை அவர் புரிந்துகொண்டால் இன்று சாயங்காலம் பஸ் ஏறிப் போவது நான் இல்லை, அக்கா.

நாவல் வந்தபோது எனக்கு இந்தப் பயம் இல்லை. முந்நூறு பக்கம். எங்கள் வீட்டில் யாரும் முந்நூறு பக்கம் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அதை எழுதினேன் என்றே சொல்லலாம். மாமா அதை வாங்கிப் பின்னட்டையில் என் போட்டோவைப் பார்த்து, "பாஸ்போர்ட் ஆபீஸ்ல எடுத்த மாதிரி இருக்கே" என்று சிரித்துவிட்டு டிவி மேல் வைத்தார். அது அங்கேயே இருக்கிறது; ரிமோட் வைக்க வசதியாக. அந்த நாவலில் அக்காவை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோனேன். கரூரில் கடல் இல்லை, எனக்குக் கடல் தேவைப்பட்டது. அவளை நர்ஸ் ஆக்கினேன், தாரிணி என்று பெயர் வைத்தேன், மாமாவுக்குத் தாடி வளர்த்தேன். அடி விழவேண்டிய இடம் வரும்போதெல்லாம் ஒரு அலை வந்தது. முந்நூறு பக்கத்தில் ஒரு அறை கூடக் கிடையாது, அலைதான். வலியைக் கடலாக மாற்றியிருக்கிறார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். கடைசி அத்தியாயத்தில் தாரிணி தண்ணீருக்குள் நடந்து போய்விடுவாள். அதை எழுதி முடித்த அன்று எனக்கு நல்ல பசி. அம்மா வார்த்த தோசையில் இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன். அன்று கரூரில் அக்கா என்ன சாப்பிட்டாள் என்று யோசித்ததாக நினைவில்லை. அப்புறம் தொகுப்பு. பெண்கள் இருபது பேர், ஆளுக்கு ஒரு கதை. தொகுப்பாசிரியர் சென்னையில் பேராசிரியை. "வாட்ச்சக் கழட்டுறதெல்லாம் எதுக்கும்மா வினோதினி? சின்ன விஷயம். அடிச்சான்னு நேராப் போடுங்க. நம்ம தொகுப்போட குரலே அதுதான்" என்றார் போனில். சரி மேடம் என்றேன். எல்லாவற்றுக்கும் சரி மேடம் என்கிற ஆள் நான். வாட்ச் போயிற்று, அடி வந்தது. அந்தத் தொகுப்பை முதலிலிருந்து படித்தால் இருபது புருஷன்களும் ஒரே ஆள் போலவும் இருபது கன்னங்களும் ஒரே கன்னம் போலவும் தெரியும். கூட்ட நேரத்து டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டவள் மாதிரி அக்கா அதற்குள் மறைந்துபோனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கதையின் முடிவில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பாள், அவ்வளவுதான். எல்லோரும் அப்படித்தான் முடிக்கிறார்கள்.

"ஏய் சுகந்தி, இங்க பாரு." மாமா சத்தமாகச் சிரிக்கிறார். தட்டு என் கையில் நழுவி மறுபடி பிடிபடுகிறது. "இது நம்ம வினோ மூஞ்சி! பாத்திரம் வெளக்குறா பாரு. ரைட்டரம்மா, புக்குலயாச்சும் வெளக்குறீங்களே, சந்தோஷம்." அடுப்படியிலிருந்து அம்மா, "நல்லாக் கேளுங்க மாப்பிள்ளை, ஒரு டம்ளர் கழுவ மாட்டா" என்கிறாள். நான் கையில் இருக்கும் தட்டைப் பார்க்கிறேன். அக்கா கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்து, "ஆமா, அவளேதான்" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடிக்கிறாள். அக்காவின் குரலில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை எழுதத்தான் எனக்கு முந்நூறு பக்கம் தேவைப்பட்டது.

படத்தில் இருப்பது என் முகம்தான். அது என் தப்பு. கூச்சத்தால் வந்த தப்பு. இந்தப் படக்கதைக்குப் படம் வரைகிற டேவிட் இன்பராஜ் பாண்டிச்சேரியில் இருக்கிறார், பார்த்ததில்லை, போன் மட்டும்தான். நாவலையும் தொகுப்பையும் எழுதிய கையோடு நான் அனுப்பிய முதல் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு, "மேடம், அடக்கமான கோபத்தோடு நின்றான்னு எழுதியிருக்கீங்க. இதை நான் எப்படிங்க வரையறது? கை எங்க இருக்கு? அதைச் சொல்லுங்க" என்று கேட்டார். கை எங்கே இருக்கிறது. எழுத ஆரம்பித்து இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் நைட்டியா புடவையா, ஃப்ரிட்ஜ் ஹாலிலா சமையலறையிலா, அடிக்கும்போது கதவு திறந்திருக்குமா. கடலையெல்லாம் வரைந்து தருகிறேன், ஆனால் கடலுக்குப் பக்கத்தில் இவன் என்ன செய்கிறான் என்று சொல்லுங்கள் என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. அதுதான் பயங்கரம். மூன்று வருஷமாக எதைச் சுற்றிச் சுற்றி ஓடினேனோ அதை ஒரு முகம் தெரியாத ஆள் ஒரே வாரத்தில் என்னிடமிருந்து வாங்கிவிட்டார். அப்புறம் போட்டோ கேட்டார், யாரையாவது நிற்க வைத்து எடுத்து அனுப்புங்கள், உடம்பு எப்படி மடங்குகிறது என்று தெரியவேண்டும் என்று. யாரைக் கேட்பேன்? கொஞ்சம் விழுந்து காட்டு, கொஞ்சம் முகத்தை மறைத்துக் காட்டு என்று எந்தச் சிநேகிதியிடம் சொல்வேன்? என் அறைக் கதவைத் தாழிட்டு, போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து, செல்பி கேமராவில் டைமர் வைத்து நானே நின்றேன். பாத்திரம் விளக்கினேன். சுவரோரம் ஒடுங்கினேன். கையைத் தூக்கி முகத்தை மறைத்தேன். பிறகு அப்பாவின் சட்டையையும் அப்பாவின் வாட்ச்சையும் போட்டுக்கொண்டு மாமாவாகவும் நின்றேன். கையை ஓங்கும்போது தோள் எவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது என்று அப்போது தெரிந்தது. அம்மா கதவைத் தட்டி, "உள்ள என்னடி சத்தம்?" என்றாள். "எழுதிட்டிருக்கேன்மா" என்றேன். பொய் இல்லை.

மாமா இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டார். ஒட்டிக்கொண்டிருக்கிறது போல. கடவுளே, அப்படியே போகட்டும். இல்லை, விரலை நாக்கில் தொட்டுப் பிரிக்கிறார். காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகப் படிக்க மாட்டார்கள். அடுப்பில் எண்ணெய் காய்கிற வாசனை. அம்மா வாழைக்காய் சீவுகிறாள், நாலு மணி பஸ்ஸுக்குள் மாப்பிள்ளைக்குப் பஜ்ஜி. வாட்ச் விஷயத்தை அக்கா என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. இரண்டு வருஷத்துக்கு முந்தின பொங்கலுக்கு வந்திருந்தாள். மொட்டை மாடியில் இரண்டு பேரும் தலை காயவைத்துக்கொண்டிருந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத ஆளிடம்தான் எல்லோரும் சொல்வார்கள். "அவர் கத்துறவரைக்கும் பயம் இல்லடி. வாட்ச்சக் கழட்டி ஃப்ரிட்ஜ் மேல கவுத்து வச்சாருன்னா அப்புறம் பேசிப் பிரயோஜனம் இல்ல. நானே போய்க் கதவச் சாத்திடுவேன், பக்கத்து வீட்டுக்குக் கேக்குமில்ல." ஏன் கவிழ்த்து வைக்கிறார் என்றேன். அக்கா ஈரமுடியை உதறிக்கொண்டே சிரித்தாள். "வாட்ச்சு பாத்துடும்னு வெக்கமோ என்னமோ. அப்பா போட்ட வாட்ச்சாச்சே." கல்யாணத்தில் அப்பா போட்டதுதான் அது, தங்க நிற டயல். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் என் உடம்பில் ஒரு சிலிர்ப்பு வந்தது. அது அக்காவுக்காக வந்த சிலிர்ப்பு இல்லை. நல்ல வாக்கியத்தைக் கேட்டால் வருகிற சிலிர்ப்பு. மாடிப்படி இறங்கும்போதே அதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வாட்ச் பார்த்துவிடும் என்று வெட்கம். டேவிட் அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார். ஆள் முகம் இல்லை; எந்தப் பக்கத்திலும் அவனுக்கு முகம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், அதுவே பெரிய ஜாக்கிரதை என்று நினைத்தேன். பூப்போட்ட துணி விரித்த ஃப்ரிட்ஜ், மேலே கவிழ்ந்த வாட்ச், மூலையில் சாத்துகிற கதவு. கீழே அக்காவின் வாக்கியம். இந்த உலகத்தில் அது நிஜம் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அவருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்தது.

அக்காவின் ஊசி நின்றிருக்கிறது. நிமிர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரிகிறது, அந்தப் பக்கம்தான். மாமாவின் தாடை அசையவில்லை. சோம்பு மெல்லுவது நின்றுவிட்டது. ஃபேன் காற்றில் பக்கத்தின் நுனி துடிக்கிறது, அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்கிறார். நகம் சுத்தமாக வெட்டியிருக்கிறது. திரைச்சீலை ஏற்றுமதிக் கம்பெனியில் துணியைத் தடவிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை அவருக்கு. ஒரு இழை விலகினால் சொல்லிவிடுவார் என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். நான் உள்ளே போய்விடலாம். போகவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ஏனென்றால் ஒருவன் தன்னைப் பற்றிய பக்கத்தைப் படிக்கும்போது எப்படி இருப்பான் என்று நான் பார்த்ததில்லை. இதையும் ஒரு மூலையில் குறித்துக்கொள்கிறேன், கட்டைவிரல், நகம், காற்று. சீ. முன்பு ஒரு தடவை அக்கா உதடு வீங்கி இங்கே வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் அப்பாதான் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், ஏறி இறங்கி, நல்ல ஜன்னல் சீட்டாகப் பிடித்து, ஒரு தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். திரும்பி வந்து, "நல்ல சீட்டு கெடச்சுது" என்றார். அதையும் தொகுப்புக்கு எழுதியிருந்தேன். பக்கம் அதிகம் என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

பக்கம் திரும்புகிறது. மிச்சப் பக்கங்களை மாமா வேகமாகத் தள்ளுகிறார். கதையின் கடைசியில் அவள் வாட்ச்சை எடுத்துப் பால்கனியிலிருந்து வீசிவிட்டுத் தெருவில் இறங்கி நடப்பாள், விடிகிற வானம், அகலமான ரோடு. பதிப்பகத்தார் நம்பிக்கை வேண்டும் என்றார்கள், கொடுத்தேன். புத்தகத்தை மூடி சோபாவில் வைக்கிறார். எழுந்து நிற்கிறார். வலது கை இடது மணிக்கட்டுக்குப் போகிறது. கொக்கி விடுபடுகிற சின்னச் சத்தம். வாட்ச்சைக் கழற்றி டிவி மேல், என் நாவலின் மேல், கவிழ்த்து வைக்கிறார். அக்கா இரண்டு கையையும் புடவைக்கு அடியில் கொண்டுபோய்விட்டாள். அவர் எங்களைத் தாண்டி நடக்கிறார். பின்பக்கம் வாஷ்பேசினில் குழாய் திறக்கிறது. முகம் கழுவுகிறார். முகம்தான் கழுவுகிறார். வாயைக் கொப்பளிக்கும் சத்தம். "மாப்பிள்ளை, சூடா இருக்கு, வந்துடுங்க" என்று அம்மா பஜ்ஜித் தட்டோடு ஹாலுக்கு வருகிறாள். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவர், வாட்ச்சை எடுத்து, அவசரமில்லாமல், என்னைப் பார்த்துக்கொண்டே கட்டுகிறார்.

"கதை நல்லாத்தான் இருக்கு ரைட்டரம்மா. ஒரு தப்பு விட்டுட்டீங்க."

"என்ன மாமா?" என்கிறேன்.

"வாட்ச்ச வலது கைல கட்டியிருக்கான். அடிக்கிறது இடது கைல. எந்த ஆம்பளை அப்படிக் கட்டுவான்?" ஒரு பஜ்ஜியை எடுத்து ஊதுகிறார். "தெரிஞ்சவங்களக் கேட்டு எழுதக் கூடாதா?" கடிக்கிறார். மென்று விழுங்குகிறார். "கேட்டுத்தானே எழுதுனே?"

செல்பி கேமரா. இடம் வலமாகத் திரும்பி விழும் என்று யோசிக்கவே இல்லை. டேவிட் என்னைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டார். ஒரு கிறுக்குத்தனமான நொடியில் எனக்குச் சந்தோஷம் வருகிறது, கை மாறியிருக்கிறது, ஆகவே அவர் இல்லை, அவர் வேறு இவன் வேறு என்று வாதாடலாம். யாரிடம் வாதாடுவேன்? அவர் என்னைக் கேட்டுவிட்டு அக்காவின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வகிட்டில் குங்குமம், கோணல் இல்லாமல். "என்ன தப்பு மாப்பிள்ளை?" என்று தூக்கக் கலக்கத்தோடு அப்பா வருகிறார். "ஒண்ணுமில்ல மாமா, இவ புக்குல. அடுத்த பதிப்புல திருத்திடுவா. சுகந்தி, கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு." அக்கா எழுந்திருக்கப் பார்க்கிறாள், எழ முடியவில்லை. மடியிலிருந்த அம்மாவின் புடவை கூடவே எழுகிறது. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். "பாருங்க இவள! ஃபாலோட சேத்துத் தன் புடவையையும் தெச்சு வச்சிருக்கா. கவனம் எங்கடி இருந்துச்சு?" அப்பா சிரிக்கிறார். மாமாவும் சிரிக்கிறார். அக்காவும் சிரித்தபடி கத்தரிக்கோலை வாங்கி, ஒவ்வொரு தையலாக வெட்டித் தன்னைப் பிரித்துக்கொள்கிறாள்.

பை என் அறையில் இருக்கிறது. அதை எடுக்க அக்கா உள்ளே போகிறாள். பின்னாலேயே போகிறேன். சொல்லிவிட வேண்டும், இப்போதே, இங்கேயே இருந்துவிடு என்று. டேவிட் சொல்லுவார், படக்கதையில் பேச்சு பலூனின் வால் பேசுகிறவர் வாயைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் யார் பேசினது என்று தெரியாது என்று. என் பலூன்களுக்கெல்லாம் வேறு யாருடைய வாயோதான். அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசுகிறாள். "வாட்ச்சத் தூக்கிப் போட்டுட்டு எறங்கிப் போறாளே, அன்னிக்கு ராத்திரி அவ எங்க படுத்தா?"

"கதை அங்கயே முடிஞ்சிடுதுக்கா."

"உனக்கு முடிஞ்சிடுது."

மூன்று முடிவு எழுதியிருக்கிறேன். கடலுக்குள் போனாள், ஜன்னலில் நின்றாள், ரோட்டில் நடந்தாள். மூன்றிலும் அவள் அப்பா அம்மா வீட்டுக்கு வரவில்லை. இதை இதுவரை எந்த மதிப்புரையும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. "அக்கா, இன்னிக்குப் போகாத. இங்கயே இரு" என்கிறேன். சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் வந்தது. அக்கா இப்போது நிமிர்ந்து பார்க்கிறாள். கோபம் இல்லை, வீடு பார்க்க வந்தவள்போல அறையைச் சுற்றிப் பார்க்கிறாள். புத்தக அலமாரி. லேப்டாப். நான் எழுதுகிற நீளமான மேஜை. அவள் கல்யாணமாகிப் போன அடுத்த மாதம், எனக்கு மேஜை வேண்டுமென்று அப்பா அவள் கட்டிலைப் பிரித்து, பலகையை ஆசாரியிடம் கொடுத்து இழைக்கச் சொல்லிச் செய்வித்த மேஜை. அக்கா உள்ளங்கையை அதன் மேல் வைத்துத் தடவுகிறாள்.

"எங்க?" என்கிறாள்.

வாசலில் ஆட்டோ நிற்கிறது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டார், சீட்டுப் பிடித்துக் கொடுக்க. மாமா என் புத்தகத்தைப் பையில் செருகிக்கொள்கிறார், ஆபீஸில் காட்ட வேண்டுமாம். கேட் அருகே நின்று நான் மறுபடி வாயைத் திறக்கிறேன், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், இத்தனை முகங்கள், எனக்குக் காது சுடுகிறது, என் வாயிலிருந்து வருவது, "ஃபால் பாதியில நிக்குதும்மா, அக்கா முடிச்சுட்டு நாளைக்குப் போகட்டுமே." அம்மாவுக்குப் புரிய வேண்டும். ஒரு நொடி புரிந்த மாதிரிதான் இருந்தது. அவள் கண் அக்காவிடம் போய், மாமாவிடம் போய், என்னிடம் வந்தது. "அத நான் தெச்சுக்கறேன். அதுக்குப் போய் அவள நிறுத்துவியா?" என்றாள். ஆட்டோ திரும்பும்போது அக்காவின் முழங்கை மட்டும் தெரிந்தது.

அப்பா திரும்பி வந்து, ஜன்னல் சீட்டுதான் என்றார். நான் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தேன். லேப்டாப், பேனா ஸ்டாண்டு, அந்த மதிப்புரைத் துண்டு. எல்லாவற்றையும் தரையில் வைத்தேன். பலகை நல்ல தேக்கு, அக்கா படுத்த பக்கம் கொஞ்சம் வழவழப்பாக இருக்கிறது, இல்லை, அது ஆசாரி இழைத்ததாகவும் இருக்கலாம். "என்னடி, எழுதலையா?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள். வீடு போய்ச் சேர்ந்ததும் அக்கா ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். ஒரு ரிங், கட். சேர்ந்துவிட்டாள் என்று அம்மா சாமி விளக்கைப் பார்த்துக் கும்பிடுவாள். அதற்கு மேல் அந்த ரிங்குக்கு எதுவும் சொல்லத் தெரியாது. விளக்கு வைத்த பிறகு வந்தது. ஒரு ரிங், கட். அம்மா கும்பிட்டாள். நான் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் அதே நம்பருக்குத் திருப்பி அடித்தேன். யாரும் திருப்பி அடித்ததில்லை, அது வழக்கமில்லை. வெகுநேரம் அடித்தது.

"சொல்லுங்க ரைட்டரம்மா" என்றார் மாமா.

கை எங்கே இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். டேவிட் கேட்டதுதான்.

"மாமா, வாட்ச்சக் கழட்டிட்டீங்களா?"

அந்தப் பக்கம் டிவி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.